அடுத்த மொட்டு எங்கே?

1839ஆம் ஆண்டு 'அன்னாலன் டெர் ஃபார்மசி' என்ற ஜெர்மானிய இதழில் பெயர் போடாத கட்டுரை ஒன்று வெளிவந்தது. நொதித்தலின் மர்மம் விலகிவிட்டது என்று அது அறிவித்தது. எழுதியவர் ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்தாராம். அவை முட்டைகளாம்; சர்க்கரைத் தண்ணீரில் விட்டதும் பொரிந்து குட்டிப் பிராணிகள் ஆகின்றனவாம். பல்லும் கண்ணும் கிடையாது, ஆனால் இரைப்பையும் குடலும் உண்டு. சர்க்கரையைத் தின்று, ஆசனவாய் வழியே சாராயத்தையும் சிறுநீர் உறுப்பு வழியே கரியமில வாயுவையும் வெளியேற்றுகின்றனவாம். நிரம்பியிருக்கும்போது சிறுநீர்ப்பை ஷாம்பெயின் புட்டி வடிவில் இருக்குமாம்.

எழுதியவர் ஃப்ரீட்ரிக் வோலர். காரம் கூட்டியவர் இதழாசிரியர் யூஸ்டஸ் லீபிக். இருவரும் அன்றைய வேதியியலின் பெருந்தலைகள். அவர்களுடைய கிண்டலுக்கு ஆளானவர்கள் மூன்று பேர்: பாரிஸில் கன்யார் லத்தூர், பெர்லினில் தியடோர் ஷ்வான், நார்ட்ஹவுசனில் ஃப்ரீட்ரிக் குட்சிங். மூவரும் 1837ஐ ஒட்டித் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஈஸ்ட் வெறும் ரசாயனக் கசடு அல்ல, உயிருள்ளது. ஆதாரம், அது பெருகுகிறது. உருண்டையின் ஓரத்தில் ஒரு புடைப்பு எழுகிறது, வளர்கிறது, பிரிந்துபோகிறது.

பீரில் மிதந்த இந்த உருண்டைகளை லீவன்ஹூக் 1680இலேயே பார்த்து எழுதியிருந்தார். அவை உயிர் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை. ஆக, ஈஸ்ட் உயிருள்ளது என்ற வழக்கில் முதல் சாட்சி மொட்டுதான். அந்த வழக்கில் லீபிக் தோற்றார். பாஸ்டர் 1860 வாக்கில் அதை முடித்து வைத்தார். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்ற மொட்டை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. நீ ஏன் அந்த இடத்தில் முளைத்தாய் என்று அதைக் கேட்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இதில் பெரிய வியப்பில்லை. ஈஸ்ட்டை ஆராயப் பணம் கொடுத்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது பீர் கெட்டுப்போகாமல் இருப்பது. கோபன்ஹேகனில் ஆலை அதிபர் யாகோப்சன் 1875இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தை நிறுவினார். அங்கே எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருக்கிய தூய ஈஸ்ட்டை ஆலைக்குக் கொடுத்தார். பீரைக் கெடுத்துவந்தது வேறு வகை ஈஸ்ட்டின் கலப்படம்தான் என்பது அவர் கண்ட உண்மை. யாகோப்சன் அந்தத் தூய ஈஸ்ட்டைப் போட்டி ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஆய்வகத்தின் முடிவுகளை மறைத்து வைக்கக் கூடாது என்பது அவர் விதித்த விதி. ஈஸ்ட் ஆய்வுலகில் ஒருவர் வளர்த்த வகையை இன்னொருவர் கேட்டால் தயங்காமல் அனுப்பிவைக்கும் பழக்கம் இன்றும் உண்டு.

அதே ஆய்வகத்தில் 1935இல் ஓய்விண்ட் விங்கே, ஈஸ்ட்டின் வாழ்க்கையில் இரண்டு நிலைகள் மாறி மாறி வருவதைக் காட்டினார். ஒரு நிலையில் செல்லுக்கு ஒரே ஒரு தொகுதி குரோமோசோம், அது ஒற்றைமயம். மற்றதில் இரண்டு தொகுதி, அது இரட்டைமயம். இரண்டுமே மொட்டு விட்டுப் பெருகும். 1943இல் அமெரிக்காவில் லிண்டகிரென் தம்பதியர், ஒற்றைமயச் செல்களில் 'ஏ', 'ஆல்ஃபா' என்று இரு பாலினங்கள் உண்டு என்று கண்டார்கள். ஒரு ஏ-யும் ஓர் ஆல்ஃபாவும் இணைந்தால் இரட்டைமயச் செல் பிறக்கும். ஈஸ்ட்டில் மரபியல் செய்ய வழி திறந்தது இப்படித்தான்.

இடையில் ஓர் அத்திப்பழம் வருகிறது. கலிஃபோர்னியாவின் மெர்செட் என்ற ஊரில் 1938இல் எமில் மிராக் அழுகிய அத்தியிலிருந்து ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து வைத்தார். பின்னாளில் உலக ஆய்வகங்களின் பொதுச் சொத்தான 'எஸ்288சி' என்ற வகையின் மரபணுக்களில் ஏறக்குறைய 88 சதவீதம் அந்த அத்தி ஈஸ்ட்டிலிருந்து வந்தவை. காட்டு ஈஸ்ட் பெரும்பாலும் தன் பாலினத்தைத் தானே மாற்றிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் சொந்தத்தோடு இணைந்து, சட்டென்று இரட்டைமயமாகிவிடும். ஆய்வக வகைகளில் அந்த மாற்றும் மரபணு செயலிழந்து கிடக்கிறது. அதனால் ஒற்றைமயச் செல் தலைமுறை தலைமுறையாக ஒற்றைமயமாகவே இருக்கும். அது எங்கெங்கே மொட்டு விடுகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

அப்படிப் பார்க்கத் தோன்றிய முதல் ஆட்களில் ஒருவர் ஏ. ஏ. பார்ட்டன். 1950இல் வெளியான அவருடைய கட்டுரையின் செய்தி எளிமையானது. மொட்டு பிரிந்த பிறகு தாய்ச்செல்லின் சுவரில் வட்டமாக ஒரு வடு எஞ்சுகிறது. சேய்ச்செல்லின் மேலும் பிறப்பு வடு ஒன்று இருக்கிறது. ஒரு முறை மொட்டு விட்ட இடத்தில் அந்தச் செல் மறுபடி மொட்டு விடுவதே இல்லை.

ஒரு மனிதரின் வயதை உடம்பைப் பார்த்துச் சரியாகச் சொல்ல முடியாது. ஈஸ்ட் செல்லின் வயதைச் சொல்லிவிடலாம், வடுக்களை எண்ணினால் போதும். வடுவின் வளையம் கைட்டினால் ஆனது. நண்டு ஓட்டிலும் பூச்சிகளின் மேல்தோட்டிலும் இருக்கும் அதே பொருள். துணிக்கும் காகிதத்துக்கும் வெண்மை கூட்டச் சேர்க்கும் கால்கோஃப்ளூர் என்ற சாயம் கைட்டினைப் பற்றிக்கொண்டு நீல ஒளி வீசும். இந்தச் சாயம் புழக்கத்துக்கு வந்த பிறகு, ஒரு செல்லின் மொட்டுக் கதை முழுவதையும் ஒரே பார்வையில் படிக்க முடிந்தது. அதற்கு முன்பே, 1959இல், பெர்க்லியில் மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் வேறு வழியில் கணக்கெடுத்திருந்தார்கள். நுண்ணோக்கியின் கீழ் ஒரு தாய்ச்செல்லிலிருந்து ஒவ்வொரு மொட்டாகப் பிரித்து நகர்த்தி எண்ணியதில், சராசரியாக 24 மொட்டு விட்ட பிறகு அது செத்துப்போயிற்று. ஈஸ்ட்டுக்கும் மூப்பு உண்டு என்று நிறுவிய ஆய்வு அது.

அடுத்த ஆண்டு, 1960இல், டேவிட் ஃப்ரீஃபெல்டர் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். மொட்டு கண்ட இடத்தில் முளைப்பதில்லை; அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது; அந்த ஒழுங்கு ஒற்றைமயத்தில் ஒரு விதம், இரட்டைமயத்தில் வேறு விதம் என்று அதில் இருந்தது. ஒற்றைமயச் செல் சென்ற முறை மொட்டு விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்ததையும் விடும், வடுக்கள் ஒட்டி ஒட்டி ஒரு வரிசையாக நிற்கும். இரட்டைமயச் செல் இரு முனைகளைப் பயன்படுத்தும். புதிதாகப் பிறந்த சேய், தாயை விட்டுப் பிரிந்த முனைக்கு எதிர்முனையில் முதல் மொட்டை விடும். தாயோ இரண்டு முனைகளில் எதையும் எடுத்துக்கொள்ளும்.

அப்போது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து மைக்ரான் அகலமுள்ள ஓர் உருண்டை இடப்பக்கம் முளைத்தால் என்ன, வலப்பக்கம் முளைத்தால் என்ன! 1977இல் ஹிக்ஸ், ஸ்ட்ராதர்ன், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் ஒரு திருத்தம் சொன்னார்கள். வேறுபாட்டுக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை அல்ல, பாலின மரபணு. இரண்டு தொகுதி குரோமோசோம் இருந்தாலும் இரண்டும் ஏ-யாக இருந்தால் அந்தச் செல் ஒற்றைமயச் செல்லைப் போலவே பக்கத்தில் பக்கத்தில் மொட்டு விடும். இது கவனிக்க வேண்டிய செய்தி. மொட்டின் இடம் மரபணுக்களின் ஆணைக்கு உட்பட்டது என்றால், அந்த ஆணையை நிறைவேற்றும் மரபணுக்களைத் தேடிப் பிடிக்கலாம்.

ஆனால் வரலாறு அந்த வரிசையில் நடக்கவில்லை. இடம் குறிக்கும் மரபணுக்கள் கிடைக்கும் முன்பே, மொட்டையே உண்டாக்கும் மரபணு தற்செயலாகக் கிடைத்துவிட்டது.

சியாட்டிலில் லீலண்ட் ஹார்ட்வெல் தேடியது வேறொன்றை. செல் எப்படிப் பகுபடுகிறது என்று அறிய, 23 டிகிரி செல்சியஸில் சாதாரணமாக வளர்ந்து 36 டிகிரியில் நின்றுவிடும் ஈஸ்ட் வகைகளை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். இளங்கலை மாணவர் பிரையன் ரீட் அவற்றை நேரம் விட்டு நேரம் படமெடுத்தபோது ஓர் உண்மை தெளிவானது. மொட்டின் அளவைப் பார்த்தாலே செல் தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். சில வகைகளில், சூடேற்றியதும் எல்லாச் செல்களும் ஒரே அளவு மொட்டோடு உறைந்து நின்றன. ஒவ்வொன்றும் சுழற்சியின் ஒரு படியில் பழுதானவை. 1973இல் ஹார்ட்வெல் குழு இப்படிப்பட்ட 148 திடீர்மாற்ற வகைகளை 32 மரபணுக்களாகப் பகுத்தது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தத் தொகுப்பிலிருந்து கிளைத்த பணிக்காகத்தான்.

அந்தத் தொகுப்பில் சிடிசி24 ஒரு விசித்திரம். 36 டிகிரியில் அது மொட்டே விடாது. ஆனால் வளர்ச்சி நிற்காது. உட்கரு பகுபடுவதும் நிற்காது. செல் எல்லாத் திசையிலும் ஊதிப் பெருத்து, பல உட்கருக்களைச் சுமந்துகொண்டு, முழு உருண்டையாக நிற்கும். வளையமாக ஒரே இடத்தில் படிய வேண்டிய கைட்டின் சுவரெங்கும் பரவிக் கிடக்கும். ஜான் பிரிங்கிளும் பார்பரா ஸ்லோட்டும் 1978இல் இதை 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது, விஷயம் செல் சுழற்சியிலிருந்து வேறொரு திசைக்குத் திரும்பிவிட்டது. இந்தச் செல்லுக்கு வளரத் தெரியும். எந்தப் பக்கம் வளர்வது என்பதுதான் தெரியவில்லை. உயிரியலார் துருவத்தன்மை என்று சொல்வது இதைத்தான். செல்லுக்கு ஒரு முன்பக்கம் வேண்டும். இதற்கு அது இல்லை.

1984இல் பிரிங்கிளும் அலிசன் ஆடம்ஸும் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளுக்குச் சாயமேற்றிப் பார்த்தார்கள். கேம்பிரிட்ஜில் கில்மார்ட்டினும் அதே ஆண்டில் ஆடம்ஸோடு சேர்ந்து பார்த்தார். தாயிலிருந்து மொட்டை நோக்கி ஆக்டின் கம்பிகள் நீண்டிருந்தன. புதுச் சுவருக்கு வேண்டிய சரக்கைச் சுமந்த பைகள் அந்தக் கம்பிகளின் வழியே மொட்டுக்குப் போய்ச் சேர்கின்றன. அப்படியென்றால் கம்பிகளுக்கு வழி காட்டுவது யார்?

விடை 1990இல் வந்தது. சிடிசி24ஐப் போலவே ஊதிப் பெருக்கும் இன்னொரு வகையைப் பிரிங்கிள் குழு கண்டெடுத்து, பழுதான மரபணுவுக்கு சிடிசி42 என்று பெயரிட்டது. அது உண்டாக்கும் புரதம் ஒரு மூலக்கூறு சுவிட்ச். 'ராஸ்' என்ற பெரிய புரதக் குடும்பத்தின் உறவு. சிடிசி24 அந்த சுவிட்சைப் போடும் புரதம். போட்ட நிலையில் இருக்கும் சிடிசி42 செல் சவ்வின் ஓரிடத்தில் குவியும். ஆக்டின் கம்பிகள் அந்த இடத்தை நோக்கித் திரும்பும். மொட்டு அங்கே முளைக்கும்.

அதே 1990இல் மனித செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தவர்கள் அதன் வரிசையைப் படித்துவிட்டு வியந்தார்கள். ஈஸ்ட்டின் சிடிசி42-க்கும் அதற்கும் ஏறத்தாழ 80 சதவீதம் ஒற்றுமை. ஈஸ்ட்டின் பழுதான மரபணுவுக்குப் பதிலாக மனித மரபணுவைப் போட்டால் ஈஸ்ட் மொட்டு விட்டது. ஈஸ்ட்டும் மனிதரும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்குக் குறையாது. அவ்வளவு காலமாக இந்தப் புரதம் அநேகமாக மாறவே இல்லை. லண்டனில் ஆலன் ஹால் குழு 1995இல் அதை விலங்கு செல்களில் தூண்டியபோது செல்லின் விளிம்பில் விரல் போன்ற நீட்சிகள் எழுந்தன. மனிதரில் சிடிசி42 மரபணு பழுதானால் வளர்ச்சிக் குறைபாடும் இரத்தத் தட்டுகளின் கோளாறும் சேர்ந்து வரும் டாக்கெனௌச்சி-கொசாக்கி நோய்க்குறி உண்டாகிறது. பீர்ச் செல்லின் மொட்டைப் பற்றிப் படிக்கப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஈஸ்ட்காரர்கள் அன்று முதல் இந்த 80 சதவீதத்தைத்தான் காட்டிவருகிறார்கள்.

இப்போதுதான் ஃப்ரீஃபெல்டரின் இரண்டு பக்கக் குறிப்புக்கு வேளை வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸின் ஆய்வகத்தில் ஜான் சாண்ட் என்ற மாணவர், மொட்டின் இடம் தவறிப்போன செல்களைத் தேடி எடுத்தார். 1991இல் 'செல்' இதழில் வெளியான கட்டுரைகளில் பட்1 முதல் பட்5 வரை ஐந்து மரபணுக்கள் அணிவகுத்தன. அவற்றில் பட்1 ஏற்கனவே பிரிங்கிள் ஆய்வகத்தில் ஆலன் பெண்டர் 1989இல் வேறு பெயரில் கண்டெடுத்ததுதான். சிடிசி24இன் பழுதை ஈடுகட்டும் மரபணு என்று அங்கே பதிவாகியிருந்தது. இரு முனையிலிருந்து தோண்டிய இரு சுரங்கங்கள் நடுவில் சந்தித்துக்கொண்டன.

ஐந்தும் ஒரே விதமாகப் பழுதாகவில்லை. பட்3, பட்4 போனால் ஒற்றைமயச் செல் தன் பழக்கத்தை விட்டு இரட்டைமயச் செல்லைப் போல இரு முனையிலும் மொட்டு விடும். பட்1, பட்2, பட்5 போனால் எந்த ஒழுங்கும் இராது, கண்ட இடத்தில் முளைக்கும். அடித்தளத்தில் ஒழுங்கின்மை, அதன் மேல் இரு முனை ஒழுங்கு, அதற்கும் மேல் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கு என்று அடுக்கடுக்காக அமைந்திருப்பதை இந்தப் பழுதுகளே காட்டிக்கொடுத்தன. பட்1உம் ராஸ் குடும்பத்துச் சுவிட்ச்தான். பட்5 அதைப் போடுகிறது, பட்2 அணைக்கிறது. பழைய மொட்டின் கழுத்தில் இருந்த புரத வளையம் பிரிவுக்குப் பின்னும் கொஞ்ச நேரம் தங்குகிறது. பட்3, பட்4 அதில் ஒட்டி நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் பட்1 விழித்துக்கொள்கிறது. விழித்த பட்1 சிடிசி24ஐப் பற்றி இழுக்கிறது. சிடிசி24 சிடிசி42ஐப் போடுகிறது. அடையாளம் கண்டு இடம் குறிப்பதிலிருந்து மொட்டு முளைப்பது வரை சங்கிலி முழுமையாயிற்று.

இரட்டைமயத்தின் முனைகளுக்கு வேறு அடையாளங்கள். பட்8 தொலைமுனையில், பட்9 பிறப்பு முனையில். ரேக்ஸ்2 என்ற புரதம் முனைகளிலும் பழைய வடுக்களிலும் பல தலைமுறை அழியாமல் நிற்கிறது என்று சாண்ட் குழு 2000இல் காட்டியது. எப்போதோ பிரிந்துபோன மொட்டின் இடம் செல்லின் தோலில் புரதமாகப் பதிந்து கிடக்கிறது.

இந்த ஒழுங்கு எதற்கு? ஒற்றைமயத்தைப் பொறுத்தவரை ஊகிக்க இடமுண்டு. காட்டு ஈஸ்ட்டில் ஒரு முறையாவது மொட்டு விட்ட செல்தான் பாலினம் மாறும்; புதுச் சேய் மாறாது. பக்கத்தில் பக்கத்தில் மொட்டு விட்டால் மாறிய செல்லும் மாறாத செல்லும் தொட்டுக்கொண்டு நிற்கும், இணைவது எளிது. இரட்டைமயத்துக்கு இணையைத் தேடும் கவலை இல்லை, உணவைத் தேடும் கவலைதான். நைட்ரஜன் பற்றாக்குறை வந்தால் அது நீண்ட செல்களாக ஒரே திசையில் மொட்டு விட்டுச் சங்கிலியாக நகர்ந்து ஊடகத்துக்குள் புகும் என்று 1992இல் ஜெரால்ட் ஃபிங்கின் குழு காட்டியது. காரணங்கள் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை விடப் பெரிய ஓர் உண்மை சாண்டின் தட்டுகளில் ஆரம்பத்திலிருந்தே கண் முன்னால் இருந்தது. பட் மரபணுக்கள் போன ஈஸ்ட் நன்றாகவே வாழ்ந்தது. இடம் குறிப்பவர் இல்லாவிட்டாலும் அது மொட்டு விட்டது. அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மொட்டு.

இந்தக் கதையின் முதுகெலும்பு இதுதான் என்று சொல்லலாம். 'எங்கே' என்பதும் 'ஒன்று மட்டும்' என்பதும் ஒரே கேள்வி என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். வெவ்வேறு கேள்விகள் அவை. முதலாவதற்கு விடை தெரியாவிட்டால் ஈஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவதில் தவறினால் ஓர் உட்கருவைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு மொட்டுகள் நிற்கும்.

குறியே இல்லாத ஒரு சவ்வில் ஓரிடம் மட்டும் எப்படித் தேறுகிறது? 1952இல் ஆலன் டூரிங் கணித நோக்கில் எழுதிய ஒரு கட்டுரை இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போலும். சீராகக் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் கூட, ஒன்று தன்னைத் தானே பெருக்கிக்கொள்வதாகவும் இன்னொன்று வேகமாகப் பரவுவதாகவும் இருந்தால், தாமாகவே திட்டுத் திட்டாகப் பிரியும் என்று அவர் காட்டியிருந்தார். 2003இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டேனியல் லூவின் குழு, பட்1 நீக்கிய ஈஸ்ட்டில் இதற்கு நிகரான ஏற்பாட்டைக் கண்டது. மையப் பாத்திரம் பெம்1 என்ற புரதம். அது ஒரு கையால் விழித்திருக்கும் சிடிசி42-இன் கூட்டத்தையும் மறு கையால் சிடிசி24ஐயும் பற்றும். தற்செயலாக ஓரிடத்தில் நாலைந்து சிடிசி42 விழித்தால், பெம்1 அங்கே சிடிசி24ஐக் கொண்டுவரும். அது அக்கம்பக்கத்துச் சிடிசி42ஐயும் எழுப்பும். அதனால் இன்னும் பெம்1 வரும். கூட்டம் நிற்கும் கடைக்கே மேலும் கூட்டம் சேர்வது போலத்தான். அதே ஆண்டில் ரோங் லீயின் குழு, ஆக்டின் கம்பிகள் சிடிசி42ஐச் சுமந்துகொண்டு வந்து சேர்ப்பதாலும் ஓரிடம் வலுக்க முடியும் என்று எழுதியது. எது முக்கியம் என்று இரு தரப்பும் பல ஆண்டுகள் வாதிட்டன. இந்தச் சச்சரவு படிக்கச் சுவையானது. ஆனால் ஆக்டினைக் கலைத்த பிறகும் செல் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்வதைப் பார்த்தால் பெம்1 பக்கமே கை ஓங்கியிருக்கிறது.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று இடங்கள் ஒரே நேரத்தில் தலைதூக்குவதும் உண்டு. செல்லில் பெம்1, சிடிசி24 சரக்கு அளவோடுதான் இருக்கிறது. சற்றுப் பெரிய திட்டு மற்றதன் பங்கையும் உறிஞ்சிக்கொள்ளும். சில நிமிடங்களில் ஒன்றே மிஞ்சும். இந்தப் போட்டியின் வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? லூவின் ஆய்வகம் 2009இல் அதையும் செய்து பார்த்தது. சைட்டோபிளாசத்தில் சடுதியாக ஓடிப் பரவும் பெம்1ஐச் சவ்வோடு ஒட்டும் ஒரு புரதத்தோடு இணைத்து அதன் ஓட்டத்தைத் தாமதப்படுத்தியது. தோற்க வேண்டிய திட்டு தோற்கும் முன்பே மொட்டாகிவிட்டது. சில செல்கள் ஒரே நேரத்தில் இரண்டு மொட்டு விட்டன. கன்யார் லத்தூர் நுண்ணோக்கியில் கண் வைத்த நாளிலிருந்து காணக் கிடைக்காத காட்சியை ஒரு கணிப்பை நம்பி உண்டாக்கிவிட்டார்கள்.

பெம்1ஐ முழுவதும் எடுத்துவிட்டால் ஈஸ்ட் தட்டுத் தடுமாறும். பெரும்பாலான செல்கள் சாகும். ஹார்வர்டில் ஆண்ட்ரூ மர்ரேயின் ஆய்வகத்தில் லீடெவெய் லான் அப்படி முடமாக்கிய ஈஸ்ட்டை ஆயிரம் தலைமுறை தொடர்ந்து வளர விட்டார். 2015இல் வெளியான முடிவு சுவாரசியமானது. தனித்தனியாக வளர்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ ஒரே வழியில் தேறின. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வேறு சில மரபணுக்களை, குறிப்பாக சிடிசி42ஐ அணைப்பவற்றை, அதே வரிசையில் இழந்தன. போடுபவர் குறைந்ததும் அணைப்பவரையும் குறைத்துக்கொண்டன.

இடக் குறியை வெறும் வசதி என்று ஒதுக்கிவிட முடியுமா? பெரும்பாலும் முடியும், ஆனால் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பார்ட்டன் 1950இல் கவனித்தபடி, பழைய வடுவின் மேல் மொட்டு வருவதில்லை. பட்1 நீக்கிய, எந்த ஒழுங்கும் இல்லாத செல்லும் அந்த விதியைப் பொதுவாக மதிக்கிறது. 2007இல் பென்சில்வேனியாவில் எர்ஃபெய் பியின் குழு காரணத்தைக் கண்டது. மொட்டு பிரிந்த இடத்தில் ஆர்ஜிஏ1 என்ற புரதம் நின்று, அங்கே வரும் சிடிசி42ஐ அணைத்துக்கொண்டே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடுத்த மொட்டு பழைய மொட்டின் வளையத்துக்குள்ளேயே முளைக்கிறது.

ஆர்ஜிஏ1 நிற்பது கடைசி வடுவில். அதற்கு முந்தைய வடுக்களை யார் காக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஹைடல்பெர்க்கில் கிஸ்லேன் பெரேராவின் குழு 2014இல் பதில் சொன்னது. என்பிஏ1 என்ற புரதமும் அதன் துணைகளும் எல்லாப் பழைய வடுக்களிலும் தங்கி சிடிசி42ஐ விரட்டுகின்றன. அவற்றை நீக்கிய செல்கள் பழைய வடுக்களுக்குள்ளேயே மொட்டு விடத் தொடங்கின. ஒருமுறை பயன்பட்ட இடத்தில் கழுத்து குறுகலாக அமைந்ததால், உட்கரு அதன் வழியே நகர்வதில் சிக்கல் வந்தது. தாய்ச்செல்லின் ஆயுளும் குறைந்தது.